சோலைமுத்து சொன்ன 'ஒண்ணு'

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. "சங்கரபாண்டி சாரா? கோவக்காரர்லே. ஆனா மூளைக்காரர்" என்று பாலிடெக்னிக் வராந்தாவில் பையன்கள் பேசுவது காதில் விழுந்தால், கேட்காத மாதிரி நடந்துபோய் அறைக்குள் தனியாகச் சிரித்துக்கொள்வேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. சோலைமுத்து விஷயத்துக்குப் பிறகு அப்படித்தான்.

நடந்தது எண்பத்தேழாம் வருஷம். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார் நான். எங்கள் லேபுக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. வெக்கை ஆகாது என்று சொல்லி, பிரின்சிபால் அறையில் இருந்த ஏ.சி.யைக் கழற்றி அதற்கு மாட்டினார்கள். பாவம், அந்த மனுஷன் பங்குனி முழுக்கப் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை மரியாதை அதற்கு. ஆனால் கீபோர்டைத் தொட ஒரு வாத்தியாருக்கும் தைரியம் கிடையாது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "எத்தனை நாளைக்குவே இந்தப் பட்டனைத் தட்டிக்கிட்டு இருக்கப் போறிய? இன்னும் பத்து வருஷத்துல கீபோர்டைக் கண்காட்சியிலதான் பாக்கணும். மெஷினுக்குக் காது முளைக்கப் போகுது. வாயால சொன்னா அது கேட்டுக்கிடும்" என்பேன். டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் சொன்னேன். பக்கத்து இலைக்காரர் ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் உட்கார்ந்து, ஒரு கருவி செய்திருந்தேன். கம்ப்யூட்டரோடு ஒரு மைக்கை இணைத்து, ஒரு ஆளின் குரலில் பத்துச் சொற்களைப் பழக்கினால், பிறகு அந்த ஆள் அதில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் கண்டுபிடித்துத் திரையில் காட்டும். பத்துக்கு மேல் அதற்குப் புத்தி கிடையாது. தெரியாத சொல் எதையாவது சொன்னால், பத்தில் எது கொஞ்சம் கிட்ட வருகிறதோ அதைக் காட்டிவிடும். நான் அதற்கு ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் பழக்குவதென்று முடிவு செய்தேன்.

அதற்கும் காரணம் இருந்தது. கோவில்பட்டியில் அபுதாஹிர் அண்ணாச்சியின் தானியக் கமிஷன் கடைக்கு நான் அடிக்கடி போவேன். எங்கள் வீட்டுக் கொத்தமல்லியும் உளுந்தும் அங்கேதான் வந்து இறங்கும். தராசில் ஒவ்வொரு தூக்குக்கும் எடைக்காரர் சத்தமாக எண் சொல்லுவார், கணக்குப்பிள்ளை கோடு போடுவார். கணக்குப்பிள்ளை வெற்றிலை துப்பப் போன நேரத்தில் ஒரு கோடு விட்டுப்போகும். அப்புறம் "எட்டா ஒம்போதா" என்று வெள்ளாமை கொண்டுவந்த சம்சாரிகளோடு சண்டை. எடை போடுகிறவனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, அவன் எந்தப் பட்டனைத் தட்ட முடியும்? ஆனால் வாய் சும்மாதானே எண்ணுகிறது! அந்த வாயையே மெஷின் கேட்டு எழுதிக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றியபோது, தராசடியிலேயே குதிக்கலாம் போல இருந்தது.

அண்ணாச்சியின் எடைக்காரர்தான் சோலைமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். ஒடிசலான ஆள், தொண்டை மட்டும் கணீரென்று இருக்கும். அவர் வாய்ராசி சுற்று வட்டாரமெல்லாம் பேச்சு. கயத்தாறிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் வண்டி கட்டி வருகிறவர்கள், "சோலைமுத்து இருக்காரா? இல்லைன்னா நாளைக்கு வாரோம்" என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். தை, மாசியில் ஊர் ஊராக வந்து களத்துக்கே கூட்டிப் போவார்கள். அவர் எண்ணினால் அடுத்த வருஷமும் களம் நிறையும் என்று நம்பிக்கை. அந்த மனுஷனுக்குக் காடு கிடையாது, மாடு கிடையாது. அந்த ராசி ஒன்றுதான் அவருடைய சொத்து.

"சோலைமுத்தண்ணே, உம்ம குரலை எனக்குத் தாரும்" என்று கேட்டேன்.

"குரலை எப்படிய்யா தர்றது? அது தொண்டையோடல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்று சிரித்தார். ஆனால் வந்தார். ஒரு வாரம் சாயங்காலம் கடை முடிந்ததும் நடந்தே லேபுக்கு வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைவார். மைக்கை அவர் வாய்க்கு நேரே வைப்பேன். ஒண்ணு என்று பத்துத் தடவை, ரெண்டு என்று பத்துத் தடவை, இப்படியே பத்து வரைக்கும். திரையில் எண் விழும்போதெல்லாம் சின்னப்பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"வாத்தியாரய்யா, இது என் பேச்சை மட்டுந்தான் கேக்குமா?"

"ஆமாண்ணே. நான் சொன்னாக்கூடக் கேக்காது."

"கூத்தாத்தான் இருக்கு. வீட்டுல பெருமாயி கேக்கமாட்டேங்கா, இந்தப் பொட்டி கேக்குது!"

ஏழு நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து நேரில் பார்ப்பதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் பத்து ஊர் மார்க்கெட்டில் என் கருவியை வைப்பார்கள், என்னையும் மெட்ராஸுக்கு அழைப்பார்கள் என்று பிரின்சிபால் சொன்னார்.

மாசி மாதம், நல்ல வரத்து உள்ள நாளாகப் பார்த்து கம்ப்யூட்டரை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றி அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனோம். அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டு கலர் உடைத்துக் கொடுத்தார் அபுதாஹிர் அண்ணாச்சி. முதல் வண்டி வெயிலுகந்தம்மாளுடையது. புருஷன் இல்லாமல் தனியாக நின்று நாலு ஏக்கர் கரிசல் பார்க்கிற பொம்பளை. அவளுடைய மல்லியை அவிழ்த்துக் குவித்தார்கள். வாசம் தெருமுனை வரை போனது.

சோலைமுத்துவின் சட்டையில் மைக்கைக் குத்தினேன். புதுத்துண்டு கட்டியிருந்தார். தராசுச் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் தூக்கைத் தூக்கினார். முள் நேராக நின்றது.

"லாபம்" என்றார்.

திரையில் ஏழு விழுந்தது.

எனக்குப் பொறி கலங்கிப்போயிற்று. அட பாவி! கரிசல்காட்டில் எவன் முதல் அளவை 'ஒண்ணு' என்று எண்ணுவான்? லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். பத்து ஆனதும் மறுபடி லாபம். விளைந்ததற்கு முன்னால் நின்று ஒண்ணு என்று சொன்னால் ஒண்ணோடு நின்றுபோகும் என்பார்கள். எனக்கு இது தெரியாதா? எங்கள் அப்பாவின் களத்தில் காதால் கேட்டு வளர்ந்தவன்தானே நான்! ஆனால் லேபுக்குள் நுழையும்போது ஊர் நினைப்பைச் செருப்போடு வெளியே கழற்றிப் போட்டுவிடுகிற ஆள். அந்த ஒரு வாரமும் சோலைமுத்து ஒண்ணு ஒண்ணு என்று தாராளமாகச் சொன்னாரே என்றால், அங்கே அவர் முன்னால் ஒரு மணி தானியம் கிடையாது.

"மறுபடியும்" என்றேன். மறுபடியும் தூக்கினார். "லாபம்" என்றார். இந்தத் தடவை மூன்று விழுந்தது. அதிகாரிகளில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

நான் அவர் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுன்னு சொல்லும்" என்றேன்.

"வாத்தியாரய்யா, அது எப்படி? அந்தம்மா மல்லி முன்னால கிடக்குல்லா?"

அப்போது அபுதாஹிர் அண்ணாச்சி என் காதருகே வந்து, "சார், அந்தப் பொட்டிக்கு லாபம்னே சொல்லிக் குடுத்துறலாமே? ஒரு அஞ்சு நிமிஷம் அவியளை உக்கார வச்சிருவோம்" என்றார்.

முடியும். சத்தியமாக முடியும். அந்த மெஷினுக்கு ஒண்ணும் ஒன்றுதான், லாபமும் ஒன்றுதான். எந்தச் சத்தத்தைப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு திரையில் ஒன்று என்று காட்டும். செய்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் மெட்ராஸ்காரர்களுக்கு முன்னால், ஒரு மூடநம்பிக்கையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிற்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் உமக்குப் புரியாது அண்ணாச்சி, சும்மா இரும்" என்று எரிந்து விழுந்தேன். அந்தக் கோபம் அப்படியே சோலைமுத்து மேல் திரும்பியது. "ஏலே! உனக்கு ஒரு வாரமா என்னத்தலே சொல்லிக் குடுத்தேன்? ஒண்ணுன்னு சொல்லுலே! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

என் அப்பாவே அவரைச் 'சோலைமுத்து, வாரும்' என்றுதான் கூப்பிடுவார். நான் வாய்க்கு வாய் அண்ணே என்று சொன்னவன். அத்தனை பேருக்கு முன்னால் ஏலே என்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு என்னவோ பெரிய ஆபத்து வந்துவிட்டது, அதனால்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்த மாதிரி பார்த்தார். பிறகு தராசைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு" என்றார்.

திரையில் ஒன்று விழுந்தது. அதிகாரிகள் கை தட்டினார்கள். ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் வரிசையாகச் சரியாக விழுந்தன. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெயிலுகந்தம்மாள் நாலாவது தூக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ சோலைமுத்து! என் வயித்துல அடிச்சிட்டியே! ஒன் வாயாலயா? ஒன்ன நம்பித்தான வண்டி கட்டிட்டு வந்தேன்! ஒரு வருஷம் வெயில்ல கிடந்து வெளைய வச்சதுக்கு முன்னால நின்னு ஒண்ணுன்னு சொல்லிட்டியே!" என்று அழுதாள். அண்ணாச்சி எவ்வளவோ சமாதானம் சொன்னார், கேட்கவில்லை. மல்லியை மறுபடி சாக்கில் அள்ளி, தைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்ன வாய் சோலைமுத்துடையதுதானே! சொல்ல வைத்தவனை யார் கேட்கப்போகிறார்கள்?

நானும் அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரிகளை ரயில் ஏற்றிவிடப் போய்விட்டேன்.

அந்தத் திட்டம் வரவில்லை. பணம் ஒதுக்கவில்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. ஆனால் மெட்ராஸில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்தார்கள். 'கணிப்பொறி உள்ளீட்டுக் கருவிகளின் எதிர்காலம்' என்று தலைப்பு. நன்றாக வாசித்தேன், நிறையப் பேர் வந்து கை குலுக்கினார்கள். அதில் ஒரு வரி எழுதியிருந்தேன்: சோதனையின் தொடக்கத்தில் நேர்ந்த இரண்டு பிழைகள் இயக்கியவரின் பயிற்சிக் குறைவால் ஏற்பட்டவை. என் கையால் எழுதிய வரி. இப்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வருஷம் வெயிலுகந்தம்மாளின் உழவு மாட்டில் ஒன்று செத்துப்போனது. கரிசல்காட்டில் மாடு சாகாத வருஷம் உண்டா? ஆனால் பேச்சுக்கு அது போதும். விளாத்திகுளம் ரோட்டு ஊர்களிலெல்லாம் செய்தி பரவியது. கடைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, வேற ஆளு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அபுதாஹிர் அண்ணாச்சி நல்ல மனுஷன், ஆறு மாதம் போல மழுப்பிப் பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் சுடலைமாடன் என்கிற வாலிபனைத் தராசுக்கு வைத்தார். சோலைமுத்து அதே கடையில் மூட்டை தூக்கினார். ஐம்பத்துமூன்று வயதில்!

இதையெல்லாம் கேட்டு நான் என்ன செய்தேன்? ஊர்க்காரர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டிவிட்டு, அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் எங்கள் களத்தில் மல்லி குவிந்தது. அப்பா செத்து நான் பார்த்த முதல் வெள்ளாமை. நல்ல விளைச்சல். தங்கச்சி கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்திருந்தோம், எல்லாம் அந்தக் குவியலை நம்பித்தான். களத்திலேயே எடை போட்டு அனுப்புவதென்று ஏற்பாடு.

"ஏலே, சோலைமுத்துக்குச் சொல்லி விட்டியா?" என்று அம்மா கேட்டாள். அம்மா ஆறுமுகத்தாய் என்றால் எங்கள் ஊரில் சாமி, சகுனம் எல்லாம் ரொம்பப் பார்க்கிறவள் என்று பேர். அவளே கேட்டாள்.

"சுடலைமாடனுக்குச் சொல்லியிருக்கேம்மா."

"ஏம்லே? அந்த மனுஷன் பாவம்லே. உன்னாலதான அவருக்கு இந்தக் கதி? நாமளே கூப்பிடலைன்னா வேற யாரு கூப்பிடுவா?"

"அவருக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்று பொய் சொன்னேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆனால் தங்கச்சி கல்யாணம், அப்பா இல்லாத முதல் வெள்ளாமை... எதுக்கு வம்பு என்று தோன்றியது. ஊரெல்லாம் ஒதுக்கினபோது அறிவில்லாதவர்கள் என்று திட்டினேனே, அந்த வாயால்தான் சுடலைமாடனை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

காலை எட்டு மணி இருக்கும். சுடலைமாடன் தராசைக் கட்டிக்கொண்டிருந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து பருத்திக்காட்டு வழியாக யாரோ நடந்து வந்தார்கள். சோலைமுத்து. வெளுத்த சட்டை, தோளில் மடித்த துண்டு.

"வாத்தியாரய்யா, என்னைக் கூப்பிட ஆளு வரலை. வேலை மும்முரத்துல மறந்திருப்பியன்னு நானே வந்துட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க படிச்சவிய. ஊர்க்காரன்களை மாதிரி இதெல்லாம் பாக்கமாட்டிய. அதைத்தான் பெருமாயிட்டயும் சொல்லிட்டு வாரேன்."

அப்புறம்தான் தராசடியில் நின்ற சுடலைமாடனைப் பார்த்தார்.

"இல்லண்ணே... சுடலைமாடனுக்கு மொதல்லயே சொல்லிட்டேன்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் அங்கேயே உடைந்துபோயிற்று.

சோலைமுத்து குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் என்னை நோகடிக்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் தப்பித்திருப்பேன்.

"சரிதான்யா. தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கிய. நானா இருந்தாலும் என்னைக் கூப்பிடமாட்டேன்" என்றார். குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த சாக்குகளைப் பார்த்தார். "சாக்கு வாய் புடிக்க ஆளு இருக்கா?"

ஆள் இல்லை. ஆனால் நான் பதில் சொல்லத் தயங்கினேன். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் ஓடியது என் புத்தி. படித்த புத்தி! அது என் மூஞ்சியிலேயே எழுதியிருந்திருக்க வேண்டும்.

"வாயைத் தொறக்கமாட்டேன்யா" என்றார் சோலைமுத்து.

போய்க் குத்தவைத்து உட்கார்ந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். சுடலைமாடன் முதல் தூக்கைத் தூக்கி "லாபம்" என்றான். சோலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ தூக்கு ஏறி இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மல்லித் தூசி அவர் மேலெல்லாம் படிந்தது.

பாதி எடையில் அவருக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். களத்தைத் தாண்டி, வரப்பையும் தாண்டி, வெகுதூரம் தள்ளிப் போய், எங்கள் குவியலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு இருமினார். இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வந்து சாக்கைப் பிடித்தார்.

"இங்கனயே இருமும்ணே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.